நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் கண் சலிக்காமல் இருக்க

மூன்றாம் நாள்தான் சிக்கல் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் எல்லாமே புதிதாக இருக்கும். டென்ட் பிரிப்பது, மடிப்பது, பைகளை கேரியரில் மாட்டுவது, சாலையோரம் டீ குடிப்பது என்று எதைச் செய்தாலும் ஒரு துள்ளல் இருக்கும். மூன்றாம் நாள் தொடை வலிக்கும், வெயில் உறைக்கும், சாலை ஒரே மாதிரி நீளும். தென்னை, சவுக்கு, பெட்ரோல் பங்க், மறுபடியும் தென்னை. கிலோமீட்டர் கல்லை மட்டும் பார்த்து மிதிக்க ஆரம்பித்துவிடுவோம். அப்படியே மிதித்துக் கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்ந்துவிடவும் முடியும். ஆனால் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் கரூரில் ஏற்றுமதி ஜவுளிக்கு டிசைன் போடுகிறவள். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு. வருடம் முழுக்கப் புதுக் கட்டம், புதுக் கோடு, புது நிறச் சேர்க்கை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் பொங்கல் முடிந்ததும் விடுப்புப் போட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே சைக்கிளில் போவதைப் பழக்கமாக வைத்திருக்கிறேன். என் அண்ணியும் கூட வருவார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நிறங்கள் வேண்டும், அவருக்குப் பறவைகள் வேண்டும். கடலை ஒட்டியே போய், தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்புவதையும் சேர்த்தால் 900 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். எங்களுக்கு அந்தச் சாலையில் பலித்தவற்றைத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுதுகிறவரோ, படம் வரைகிறவரோ, சும்மா ஊர் பார்க்கிறவரோ, யாராக இருந்தாலும் இதில் பாதியாவது உதவும்.

முதலில் தூரத்தைக் குறையுங்கள்

ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். டென்ட், அடுப்பு, துணி, தண்ணீர் எல்லாம் ஏற்றிய சைக்கிள் மணிக்கு 14, 15 கிலோமீட்டர்தான் போகும். அப்படியானால் 60 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேர மிதிப்பு. மீதிப் பகல் உங்களுடையது. 100 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டால் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கடனாகத் தெரியும். உப்பளத்தில் ஒருவர் கூப்பிட்டுப் பேசினால்கூட மனம் மணியைப் பார்க்கும். புதிதாக ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்கத் தயங்காத மனநிலை வேண்டும், அந்த மனநிலை தூரத்தைக் குறைத்தால்தான் வரும்.

விடியும்போது கிளம்புங்கள். பத்து மணிக்குள் பெரும்பகுதி தூரத்தை முடித்துவிடுங்கள். வெயில் நேரத்தில் எங்காவது நிழலில் இருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் மீதி. தை மாதத்தில் ஆறேகால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஐந்து மணிக்குத் தங்கும் இடம் முடிவாகியிருக்க வேண்டும்.

திசையும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். தெற்கே போகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துதான் மிதிக்க முடியும், குனிந்த தலைக்குத் தார்ச்சாலை மட்டுமே தெரியும். எனவே தை, மாசியில் போகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போங்கள்.

காலையில் கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் எதுவும் மனதில் நிற்காது. காலையில் டீத்தண்ணி கொதிக்கும்போதே, இன்று எதைப் பார்க்கப் போகிறோம் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். ஒரு நாள் கதவுகள். ஒரு நாள் நிழல். ஒரு நாள் படகில் எழுதிய பெயர்கள். ஒரு நாள் வேலை செய்கிற கைகள். ஒரு நாள் பழுப்பு நிறம் மட்டும். மற்றதெல்லாம் கண்ணில் படத்தான் செய்யும், அது தன் பாட்டுக்குப் படட்டும். தேடுவது ஒன்றாக இருந்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கோல நாள். மார்கழியில் வாசலை அடைத்துக்கொண்டு கலர்ப் பொடியில் போடுவார்கள். அதைக் காட்டிலும் தை பிறந்த பிறகு போடுகிற சாதாரணக் கோலத்தில்தான் எனக்கு ஆர்வம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் அவசரத்தில், கை தன்னால் போடுகிற கோலம் அது. சிதம்பரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை உள்ள ஊர்களில் காலை ஆறரை மணிக்கு மெதுவாகப் போனால் வாசல் ஈரம் காய்வதற்குள் பார்த்துவிடலாம்.

அதைப் படம் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. போனில் நூறு படத்தோடு நூற்றியொன்றாக அது கிடக்கும். புள்ளிக் கணக்கைக் கேளுங்கள். "எத்தனை புள்ளிங்க அக்கா?" என்று கேட்டால் எந்த ஊரிலும் முகம் மலரும். "ஏழு புள்ளி, நாலு வரைக்கும் ஊடுபுள்ளி" என்பார்கள். அதாவது நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் இடைவெளியில் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும். அறுகோணம் வந்துவிடும். அப்புறம் கம்பி எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படித் திரும்புகிறது என்பதை மட்டும் அம்புக்குறியாகக் குறித்துக்கொண்டால் போதும், ராத்திரி டென்ட்டுக்குள் உட்கார்ந்து முழுக் கோலத்தையும் போட்டுவிடலாம். போட்டுப் பார்க்கும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். கம்பி கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேராது. எங்கே தப்பினேன் என்று தேடுகிற அந்த அரை மணி நேரத்தில், வாசலில் நின்று பார்த்தபோது புரியாத ஒன்று புரியும். ஒரு சின்னத் துண்டு நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி வருகிறது என்பது தெரியும். எங்கள் தொழிலில் அதை ரிப்பீட் என்போம். துணி டிசைன் முழுக்க அதை வைத்துத்தான் நடக்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. புள்ளிக் கணக்குக் கேட்டவர்களை யாரும் டீ குடிக்காமல் அனுப்பியதில்லை.

காட்சியைத் தேடாதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள்

எனக்கு இந்தச் சாலை கற்றுக்கொடுத்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். சூரிய உதயமும் அலையும் அழகுதான். ஆனால் ஒரு வாரம் போனால் எல்லா உதயமும் ஒன்றுபோலத் தோன்றும். மனிதர்கள் செய்கிற வேலை அப்படிச் சலிக்காது. உங்களுக்குத் தெரியாத ஒரு வேலையைக் கால் மணி நேரம் நின்று பார்த்தால் ஒரு நிறமோ, வடிவமோ, சொல்லோ கட்டாயம் கிடைக்கும்.

அதிலும் ஒரே வேலையை வழிநெடுகத் தொடர்ந்து பார்ப்பது மிக நல்லது. நாங்கள் உப்பைத் தொடர்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணத்தில் முதல் உப்பளம் வரும். தையில் அங்கே உப்பு இருக்காது. மழைத்தண்ணீரை வெளியேற்றிவிட்டு, சேற்றை மிதித்து மிதித்துப் பாத்தியைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருப்பார்கள். தரை பலகைபோல் கெட்டியானால்தான் உப்பில் மண் கலக்காது. அடுத்தது வேதாரண்யம். கடைசியாகத் தூத்துக்குடி. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, முதல் உப்பு கட்ட ஆரம்பித்திருக்கும்.

தூத்துக்குடியில் வரப்பில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். முதலில் தேக்கி வைக்கிற தண்ணீர் பச்சை கலந்த சாம்பலாக இருக்கும். அடுத்த பாத்தியில் காய்ந்து அடர்த்தியானதும் பழுப்பேறும். கடைசிப் பாத்தியில், உப்பு விளைகிற இடத்தில், வெளிறிய ரோஜா நிறம் வரும். அந்த உப்பேறிய நீரில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களால் வரும் நிறம் அது. தண்ணீரின் மேல் மெல்லிய ஏடுபோல உப்பு மிதக்கும். காற்று அதை ஒரு மூலைக்குத் தள்ளும், கனம் கூடியதும் மூழ்கும். பிறகு நீளக் கம்பில் மாட்டிய பலகையால் அதை வாரி வரப்போரம் வரிசையாகக் குவிப்பார்கள். அந்த மூன்று தண்ணீரின் நிறத்தையும் வரிசை மாறாமல் அப்படியே கோடுகளாகப் போட்டு ஒரு திரைச்சீலை செய்தேன். நான் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கண்ணாடி போடாமல் அங்கே அதிக நேரம் நிற்காதீர்கள். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், அந்த வேலை செய்கிறவர்கள் பலருக்கு அதனால் பார்வைக் கோளாறு வருகிறது. கூலி, தண்ணீர், நிழல் பற்றி அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வாருங்கள். நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சரியில்லை.

நீங்கள் உப்பைத் தொடர வேண்டும் என்றில்லை. வலையைத் தொடரலாம். நண்டு வலை, இறால் வலை, மத்தி வலை என்று ஊருக்கு ஊர் கண்ணியின் அளவு மாறும், நூலின் நிறமும் மாறும். வலை பொத்துகிறவர்கள் மதியத்தில் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், அவசரம் இருக்காது, பேசுவார்கள். டெல்டாவில் அந்த நேரம் சம்பா அறுவடை. நெல் காய்கிற களம், வைக்கோல் சுருட்டுகிற இயந்திரம், வரப்பில் வாத்து மேய்க்கிறவர்கள் என்று தொடர எவ்வளவோ இருக்கிறது.

என்ன கேட்பது

"இந்த ஊர்ல என்ன விசேஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "மழை நின்னதும் முதல்ல என்ன வேலைங்க நடக்கும்?" "இந்தக் காத்துக்கு இங்க என்ன பேருங்க?" "இது நல்லா வந்திருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" கடைசிக் கேள்வியை நான் எங்கேயும் கேட்பேன். தன் வேலையின் நுணுக்கத்தைச் சொல்லச் சொன்னால் யாரும் சலித்துக்கொள்வதில்லை.

ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிப் பக்கம் போகிற சாலையில் இருபுறமும் சீமைக்கருவேலம்தான். பலர் அந்தப் பகுதியைச் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் கரிமூட்டம் இருக்கிறது. வெட்டிய கட்டையை அடுக்கி, மேலே இலைதழை போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று உள்ளே புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரி பகல் என்று பாராமல் காவல் இருந்து, வெடிப்பு விடுகிற இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே இருப்பார்கள். எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும் என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். "வெள்ளையா வந்தா தண்ணி போகுதுன்னு அர்த்தம் தாயி. அப்புறம் நீலம் பாஞ்சு மெலிசா வரும் பாரு, அப்ப எல்லா ஓட்டையையும் அடைச்சிரணும்" என்றார். அதற்கு முன்னால் புகைக்கு நிறம் உண்டு என்று நான் யோசித்ததே இல்லை. வெள்ளையிலிருந்து நீலத்துக்குப் போகிற அந்தச் சாம்பல்களை அன்று முழுக்கப் பென்சிலில் தீட்டிக்கொண்டிருந்தேன்.

முந்தைய இரவு ஒரே ஒரு செய்தி

நாளைக்குப் போகிற ஊரைப் பற்றி ராத்திரி ஒரு செய்தி மட்டும் படித்துவிட்டுத் தூங்குங்கள். பத்து செய்தி படித்தால் ஊர் வெறும் பாடமாகிவிடும். ஒன்று போதும். தரங்கம்பாடி என்றால், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது என்பது போதும். சேதுபாவாசத்திரம் பக்கம் மனோரா என்றால், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு. அவ்வளவுதான்.

வேதாரண்யத்துக்கு முந்தைய இரவு நான் அண்ணிக்குப் படித்துக் காட்டியது இது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் உப்பு எடுக்க நடந்து கிளம்பினார்கள். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு, தங்க இடம் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுநாள் காலை அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் வரை மிதிக்கும்போது, சாலையோரத்து ஒவ்வொரு புளியமரத்திலும் எந்தக் கிளை கைக்கு எட்டும் என்றே எங்கள் கண் போனது. வேறு எந்த நாளும் மரங்களை அப்படிப் பார்த்திருக்க மாட்டோம்.

திரும்பிப் போகலாமா என்று தோன்றினால்

திரும்பிவிடுங்கள். சைக்கிளில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, அது என்ன என்று மனம் கேட்பதற்குள் 200 மீட்டர் தாண்டியிருப்போம். பரவாயில்லை, அடுத்த ஊரிலும் இருக்கும் என்று தோன்றும். அநேகமாக இருக்காது. 200 மீட்டர் திரும்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. நாங்கள் இதில் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் பின்னால் வருபவர் ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டும். அண்ணி பெரும்பாலும் பறவைக்கு நிற்பார். ஒரு பனங்காடை மின்கம்பியிலிருந்து கிளம்பும்போது இறக்கையில் விரிகிற இரண்டு நீலங்களும் அவர் நின்றதால் எனக்குக் கிடைத்தவை. தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். அங்கே அரை நாள் ஒதுக்கிவிடுங்கள், விவாதமே வேண்டாம்.

பெயர் பெற்ற இடங்களில் கண் உடனே சோம்பேறியாகிவிடும். பாம்பன் பாலத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுப்பார்கள். அங்கேயும் கண்ணுக்கு வேலை கொடுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தையும், 2025-ல் திறந்த புதிய பாலத்தையும் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து, பழையதைப் பிரிக்காமல் இருந்தால், ஒருசேரப் பார்க்கலாம். கப்பலுக்கு வழிவிட, பழையது இரண்டாகப் பிளந்து மேலே சாய்கிற அமைப்பு, புதியது நடுத்துண்டை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிற அமைப்பு. இரண்டையும் பத்துக் கோட்டில் வரைந்து பாருங்கள். பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும், மேலே ஏறும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே போங்கள்.

தங்கும் இடம்

நம் ஊரில் டென்ட் போடுவதற்கென்று இடம் ஒதுக்கி வைத்திருப்பதில்லை. கேட்டுத்தான் போட வேண்டும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் தினமும் மாலை யாரிடமாவது பேசியாக வேண்டும். கடலோர ஊர்களில் சர்ச் வளாகம், கோயில் மண்டபம், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், ஊராட்சித் தலைவர் வீட்டுத் தோட்டம் என்று வரிசையாகக் கேளுங்கள். பெண்கள் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். "அக்கா, ராத்திரி மட்டும் தங்கிட்டு விடியக் கிளம்பிருவோம், எங்கீங்க போடலாம்?" என்றால் அவர்களே பாதுகாப்பான இடம் காட்டுவார்கள், பாதி நேரம் தங்கள் வாசலையே காட்டுவார்கள். தைப்பூச சமயத்தில் திருச்செந்தூர்ச் சாலையில் பச்சை உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்காகப் போட்டிருக்கும் பந்தல்களில் நமக்கும் இடமும் சோறும் கிடைக்கும்.

கடல் மணலிலேயே டென்ட் போட ஆசை வரும். ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. டார்ச் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் போடுங்கள். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. பகலில் போய் வெளிமான்களைப் பார்த்துவிட்டு வேதாரண்யத்துக்குத் திரும்பிவிடுங்கள். தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையிலும் பொழுது சாய்ந்த பிறகு இருக்க விடமாட்டார்கள்.

ஒன்றுமே தோன்றாத நாள்

அப்படி ஒரு நாள் வரும். எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். அன்று உங்கள் ரசனையைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் தண்ணீர் குடித்தீர்களா என்று பாருங்கள். அண்ணி இதில் கண்டிப்பானவர். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, அவலும் நாட்டுச்சர்க்கரையும் பிசைந்து கொடுத்து, அரை மணி நேரம் படுக்கச் சொல்வார். எழுந்தால் உலகம் வேறு மாதிரி இருக்கும். அந்த மந்தத்தில் முக்கால்வாசி உப்புக் குறைவும் பசியும்தான்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் அன்று கிளம்பவே வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒரு நாள் ஓரிடத்தில் இருந்துவிடுவது எப்படியும் நல்லது. துணி துவையுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். பஞ்சர் ஆனாலும் இதே கதைதான். கருவேல முள் டயரை விடாது, ஒரு சின்ன இடுக்கி எடுத்துப் போங்கள். டியூபில் போட்ட பசை காய்கிற நேரத்துக்குச் சுற்றிலும் தரையைப் பாருங்கள். மணலில் படர்ந்த அடம்புக்கொடி, முள்பந்துபோலக் காற்றில் உருண்டு போகும் ராவணன் மீசையின் காய். நிற்க வேண்டிய கட்டாயம் வந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

குறிப்பேடு

உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று, ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு பென்சில். மைப்பேனா வேண்டாம், வியர்வைக் கை பட்டால் கலைந்துவிடும். நோட்டு ஹேண்டில்பாரில் மாட்டிய பையில் இருக்க வேண்டும். பின்பையில் இருந்தால் எடுக்க மாட்டீர்கள். முதலில் வரையுங்கள் அல்லது எழுதுங்கள், படம் கடைசியில். நிறத்துக்குப் பெயர் வைக்கும்போது வெறுமனே நீலம், பச்சை என்று எழுதாதீர்கள். "மனோரா பக்கத்துச் சுவர், மதியம், நனைந்த சுண்ணாம்பு" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் அது கண் முன்னால் வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். பக்கம் நிரம்பிவிட்டால் நிறுத்திவிடுங்கள், மீதியைச் சும்மா பாருங்கள்.

ஊர் திரும்பும்போது நாகர்கோவில் ரயில் நிலையத்தில் சைக்கிளைப் பார்சல் போட வண்டி கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே போங்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, மூன்று பக்கத்தை மட்டும் மடித்து வையுங்கள். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் அந்த மூன்றையும் ஏதாவது செய்துவிடுங்கள். ஒரு கட்டுரையோ, ஒரு படமோ, எனக்கு என்றால் ஒரு துணி மாதிரியோ. ஒரு வாரம் தாண்டினால் வேலை வந்து மூடிவிடும்.

செய்ததை, அது யாரிடமிருந்து கிடைத்ததோ அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதற்கு முகவரி வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கென்று விட்டுவைத்து, பேசி முடித்ததுமே அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீனவர் குப்பங்களில் பல வீடுகளுக்குக் கதவு எண் மட்டும் போட்டால் தபால் போய்ச் சேராது. பக்கத்தில் என்ன கோயில், என்ன சர்ச், யார் கடை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.